முதுகு காட்டிய அண்ணன்

புயல் ஓய்ந்த காலையில், கூடாரத்தை விட்டு முதலில் வெளியே வந்தவன் சங்கரபாண்டி. மலையேற்றக் குழுவிலிருந்து பிரிந்து காணாமல் போன தம்பி திருமலையைத் தேடித் தென்காசியிலிருந்து இமயத்துக்கு வந்தவன் அவன்.

"மானம் வெளுத்துட்டு. இனி என்ன பயம்? கெளம்புவோம்" என்றான்.

"இப்பத்தான் பயமே" என்றாள் லோசனி. கோவில்பட்டிக்காரி, பனிச்சரிவுகளை ஆராய்வது அவள் வேலை. வழிகாட்டி நாம்கியாலும் அவளும் சரிவின் ஓரத்தில் மண்வெட்டியால் குழி தோண்டினார்கள். மேலே காற்று இறுக்கிய கெட்டிப்பனி. அதன் அடியில், கையில் அள்ளினால் சர்க்கரையாக உதிரும் பழைய பனி.

"மணல் மேல பலகை வச்ச மாதிரி இருக்கு. ஒரு ஆள் மிதிச்சாப் போதும், மொத்தமும் இறங்கிரும்" என்றாள் லோசனி.

அப்போதுதான் சரிவுக்கு அப்பால், எதிர்ப்புறப் பாறை மீதிருந்த மேய்ப்பர்களின் கல்குடிசையில் ஏதோ அசைந்தது. நாம்கியால் தொலைநோக்கியை நீட்டினான். சங்கரபாண்டிக்கு அது தேவைப்படவில்லை. அந்த நடையை அவனுக்குத் தெரியும்.

"வராத, அங்கேயே இரு" என்று கத்தினான். காற்று குரலைத் தின்றுவிட்டது. கையை வீசினான். அழைப்பதாக நினைத்துக்கொண்டான் தம்பி. பாறையை விட்டிறங்கிப் பனியை நோக்கி நொண்டி நொண்டி நடந்தான்.

"நாம கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருப்பான்" என்றாள் லோசனி, மெல்ல.

சங்கரபாண்டி ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு தம்பிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தான். மற்ற இருவரும் பின்தொடர்ந்தார்கள். பாறை மறைவுக்குப் போனதும் உட்கார்ந்துவிட்டான். எட்டிப் பார்க்கத் துணிவு வரவில்லை. நாம்கியால்தான் பார்த்தான்.

"நின்னுட்டான். திரும்பிப் போறான்."

காற்று பனியைத் துடைத்துவிட்ட முகட்டுப் பாறைகள் வழியே சுற்றிப் போனார்கள். வெயில் ஏறியது. உச்சியை நெருங்கும்போது கீழே இடி போல் ஓர் ஓசை. சரிவின் குறுக்கே கோடு கிழிந்தது. பனிப்பரப்பு முழுவதும் நழுவிப் பள்ளத்தாக்கில் விழுந்தது. பனிப்புகை அடங்கியபோது, திருமலை வரவிருந்த வழி இல்லை. பாறையும் குடிசையும் அப்படியே நின்றன.

பொழுது சாயும் நேரத்தில் குடிசையை அடைந்தார்கள். கால் வீங்கி, உதடு வெடித்து, சுவரோரம் கிடந்தான் திருமலை.

"என்னைய விட்டுட்டு நீ போயிட்டேன்னு நெனச்சேம்ணே."

சங்கரபாண்டி தம்பியின் பாதங்களை எடுத்துத் தன் சட்டைக்குள், வயிற்றோடு வைத்துக்கொண்டான்.

மறுநாள் அதே முகட்டு வழியாகத் திருமலையைச் சுமந்து இறங்கினார்கள். அடிவாரத்தில் கூடியவர்கள் சங்கரபாண்டியின் தோளைத் தட்டினார்கள். பனிமலையை எதிர்த்து நின்ற வீரன் என்றார் ஒருவர்.

"எதிர்த்து நிக்கலீங்க" என்றான் அவன். "தம்பிக்கு முதுகக் காட்டி நடந்தேன். அதுக்குத்தான் தெம்பு பத்தல."