முனியின் கண் படாத இடம்

கனிஷ்காவுக்குச் சிலை என்றால் பயம். பல்லிக்குப் பயமில்லை, இருட்டுக்குப் பயமில்லை, கணக்குப் பரீட்சைக்குக்கூடப் பயமில்லை. கண்ணை உருட்டிப் பார்க்கிற சிலையைக் கண்டால் மட்டும் அவள் ஒளிந்துகொள்ள இடம் தேடுவாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண் சிலைக்குப் பயப்படுகிறாள் என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் சும்மா விடுவார்களா? விடமாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் என்ன, பெரியவர்களே விடமாட்டார்கள்.

அவளுடைய கெட்ட நேரம், பள்ளிக்கூடத்தில் ஒருநாள் சுற்றுலா வந்தது. முக்கொம்பு அணைப் பூங்காவுக்குப் போயிருக்கலாம். ஊஞ்சல் ஆடியிருக்கலாம். ஆனால் இவர்கள் கிளம்பியதோ சிற்பி மருதையன் செய்த சிலைகளைப் பார்க்க! கே.கே. நகரில் ஒன்று, ஸ்ரீரங்கத்தில் ஒன்று, கடைசியில் சமயபுரத்துக்கு அப்பால் அவர் பிறந்த பனையடிப்பட்டியில் ஒன்று.

"மருதையன் சிலைக்கு ஒரு விசேஷம் உண்டு. நீங்க எந்தப் பக்கம் போய் நின்னாலும் அது உங்களையேதான் பாக்கும்" என்றார் சுப்ரஜா மிஸ்.

"ஐ!" என்று வேன் முழுக்கக் கத்தியது. கனிஷ்கா ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் ஏறியாச்சு தாத்தா, கிளம்பலாம்" என்றார் மிஸ்.

"நீங்க சொன்னா ஆச்சா? நான் எண்ணணும்" என்றார் வேன் ஓட்டுகிற அடைக்கலம் தாத்தா.

அவர் யார் பேச்சையும் நம்பமாட்டார். பெட்ரோல் பங்கில் மீட்டரை நம்பமாட்டார். வானத்தை நம்பமாட்டார். அதனால் வெயிலானாலும் மழையானாலும் அவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கறுப்புக் குடை கயிற்றால் கட்டியிருக்கும்.

"இதை எவனும் தொடக்கூடாது. மூணு குடை இரவல் குடுத்தேன். மூணும் போனது போனதுதான். இது நாலாவது" என்றார் அவர், எல்லாரையும் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே.

கனிஷ்காவின் பக்கத்தில் அபிராம் உட்கார்ந்திருந்தான். மிஸ்ஸின் மகன். ஒன்றாம் வகுப்பு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கூட்டி வந்திருந்தார்.

வேன் மன்னார்புரத்தைத் தாண்டி, கே.கே. நகர் பூங்கா ஒன்றின் வாசலில் நின்றது. உள்ளே நெல் தூற்றுகிற பெண் சிலை. தலைக்கு மேல் முறத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரை? கனிஷ்காவைத்தான்.

அவள் இடப்பக்கம் போனாள். சிலை பார்த்தது. வலப்பக்கம் போனாள். பார்த்தது. ஒரு மரத்துக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தாள். முறத்துக்கு நேர் கீழே, பின்பக்கம். அங்கே உட்கார்ந்தால் முறம் கண்ணை மறைத்துவிடுகிறது.

"அக்கா, ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?" என்று அபிராம் வந்து நின்றான்.

"வெயிலுக்கு."

"இங்கதானே வெயில் அடிக்குது!"

அபிராம் அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு மெதுவாக, "எனக்கும் அது பாக்குறது பிடிக்கல" என்றான்.

"இந்த இடத்துல பாக்காது. எல்லா சிலைக்கும் கண்ணு படாத இடம் ஒண்ணு இருக்கும். அதைக் கண்டுபிடிச்சுட்டா போதும்" என்றாள் கனிஷ்கா.

ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரையில் இருந்தது யானையும் பாகனும். இந்தத் தடவை அபிராம் முந்திக்கொண்டான். "அக்கா, இங்க வாங்க! யானை வயித்துக்குக் கீழ! இங்க பாக்காது!"

இரண்டு பேரும் யானை வயிற்றுக்குக் கீழேயே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். சாப்பாடு முடிகிற நேரத்தில்தான் சிவசங்கர் கத்தினான்.

சிவசங்கர் ஆறாம் வகுப்பு. ஆள் பெரியவன், குரல் அதைவிடப் பெரியது. அவன் டப்பாவில் அம்மா வைத்துக் கொடுத்த அதிரசம் காணாமல் போயிருந்தது.

"எவன்டா தின்னது?"

"நான் இல்ல" என்றான் அபிராம். யாரும் அவனைக் கேட்கவே இல்லை. உதட்டில் எண்ணெய் மினுமினுத்தது.

சிவசங்கர் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தான். "இருக்கட்டும்டா. பனையடிப்பட்டியில முனி இருக்கு. மருதையன் செஞ்சதுலயே அதுதான் பெரிசு. திருடித் தின்னவன் யாருன்னு அதுக்குப் பாத்ததுமே தெரிஞ்சுடும். அப்புறம் அருவாளைத் தூக்கும்!"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அபிராம் சிரிக்கவில்லை. கனிஷ்கா ஏதாவது சொல்லியிருக்கலாம். 'சும்மா பயமுறுத்தாதே' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அருவாள் என்றதும் அவளே யானைக் காலை ஒட்டி நகர்ந்துகொண்டாள்.

பனையடிப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மருதையனின் சொந்தக்காரரான பாப்பாயி என்ற அம்மாள் எல்லாரையும் மருதையன் பிறந்த இடத்துக்குக் கூட்டிப்போனார்.

"வீடு எங்க பாட்டி?" என்று கேட்டான் சிவசங்கர்.

"இதான். அப்ப வீடு. இப்ப மாட்டுக் கொட்டகை. ஓரமா நின்னு பாருங்க, செவலை உதைக்கும்."

பிள்ளைகள் ஓரமாக நின்று மாட்டைப் பார்த்தார்கள். மாடும் அவர்களைப் பார்த்தது. மாடு பார்ப்பதில் கனிஷ்காவுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

அடுத்தது முனி. வேன் ஊர் எல்லைக்குப் போய் நின்றது. கனிஷ்கா ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை பார்த்தாள். மாடி வீடு உயரத்துக்கு முனி உட்கார்ந்திருந்தது. கையில் அரிவாள். முறுக்கிய மீசை. புதிதாகப் பெயின்ட் அடித்த வெள்ளைக் கண்கள், நடுவில் கறுப்பாகக் குழி விழுந்த கண்மணி. அவள் தலையைக் கீழே இழுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தலை வலிக்குது மிஸ். நான் வேன்லயே இருக்கேன்."

"நான் வண்டியைப் பாத்துக்கறேன், இந்தப் பிள்ளையையும் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க" என்றார் அடைக்கலம் தாத்தா.

எல்லாரும் போனார்கள். தாத்தா கண்ணாடியில் கனிஷ்காவைப் பார்த்தார். "உனக்குத் தலை வலிக்கல."

"வலிக்குது தாத்தா."

"தலை வலிக்கிறவ சீட்டுக்கு அடியில போய் உக்கார மாட்டா."

அவர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் திரும்பி வந்து ஏறினார்கள். தாத்தா எண்ணினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினார்.

"ஒரு ஆள் குறையுது."

சுப்ரஜா மிஸ் வேனுக்குள் பார்த்தார். வேனுக்கு அடியில் பார்த்தார். "அபிராம்?" என்றார். பிறகு கத்தினார். "அபிராம்!"

பனைமரத்து ஓலை மட்டும் சரசரவென்றது.

"ஐயையோ, அந்தப் பக்கம் குளம் இருக்கும்மா. ஆழம்" என்றார் கூட வந்திருந்த பாப்பாயி.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மிஸ் செருப்பை உதறிவிட்டுக் குளத்தை நோக்கி ஓடினார். பாப்பாயி பின்னாலேயே ஓடினார். "எவனும் கீழ இறங்கக்கூடாது!" என்று தாத்தா வேன் வாசலை மறித்து நின்றார்.

சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். சிவசங்கர் மட்டும் ஒரு மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் பேசாமல் இருந்து கனிஷ்கா பார்த்ததே இல்லை.

"நீ அவன்கிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

"சிவசங்கர்!"

அவன் நகத்தை வாயிலிருந்து எடுத்தான். "சும்மாதான்... முனி உன்னையத்தான் பாக்குது, உன் வாயில அதிரசம் ஒட்டியிருக்குன்னு சொன்னேன். அப்புறம் திரும்பிப் பாத்தா அவனைக் காணோம். நீ இருக்கற வேனுக்குத்தான் ஓடிட்டான்னு நினைச்சேன்."

கனிஷ்காவுக்குப் புரிந்துவிட்டது. பயந்தவன் குளத்துக்குப் போகமாட்டான். ரோட்டுக்கும் போகமாட்டான். கண் படாத இடத்துக்குத்தான் போவான். அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

முனியின் கண் படாத இடம் எது? முதுகுக்குப் பின்னால். அங்கே போகிற பாதை? ஒரு பக்கம் முழுக்க முள்வேலி. மறுபக்கத்து வழி முனிக்கு நேர் முன்னால் போகிறது.

"மிஸ்!" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மிஸ் குளக்கரையில் சின்னப் புள்ளியாகத் தெரிந்தார். குரல் எட்டவில்லை.

பயப்படாதே என்று சொல்வது எல்லாருக்கும் சுலபம். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் முனிக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்வதில்லை.

"தாத்தா, அவன் முனிக்குப் பின்னால இருப்பான். நான் போய்ப் பாக்கறேன்."

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா தெரியும். தாத்தா... உங்க குடை வேணும்."

"எதுக்கு? வெயிலே இல்லையே."

"வெயிலுக்கு இல்ல. முனிக்கு."

பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரியட்டும் என்று கனிஷ்கா கையை நீட்டினாள்.

தாத்தா திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. மடமடவென்று கயிற்றை அவிழ்த்துக் குடையைக் கொடுத்தார். "நாலாவது. ஞாபகம் வெச்சுக்க. நான் இங்கேர்ந்து உன்னையே பாத்துட்டு இருப்பேன், போ."

கனிஷ்கா குடையை விரித்துச் சாய்த்துப் பிடித்தாள். தரை மட்டும்தான் தெரிந்தது. மண். எறும்பு. உடைந்த தேங்காய் ஓடு. ஒவ்வொரு அடியாக வைத்தாள். மேலே மணி ஒன்று காற்றில் தானாக ஆடி 'டிங்' என்றது.

குடை ஓரத்தில் முனியின் கால் விரல் வந்தது. ஒவ்வொரு விரலும் பூசணிக்காய் அளவு. நகத்துக்குச் சிவப்புப் பெயின்ட்.

அப்போது பார்த்துக் காற்று வீசியது. குடை மேலே தூக்கிக்கொண்டது.

அவள் பார்த்துவிட்டாள். முனியும் பார்த்தது. வெள்ளைக் கண்கள் இரண்டும் நேராக அவள் மேல் இறங்கின. ஓடிவிடலாம் என்று கால் திரும்பியது. 'அபிராம் அங்கே இதைவிடப் பயந்துபோய் இருப்பானே' என்று தோன்றியது. இரண்டு கையாலும் குடையைக் கீழே இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, குடுகுடுவென்று ஓடிப் பின்பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

பின்பக்கம் யாரும் இல்லை.

புல்லும் காலிப் பெயின்ட் டப்பாக்களும்தான் கிடந்தன. அப்படியானால் குளமா?

"அபிராம்..." என்றாள். மறுபடியும், "அபிராம்!"

"ஹச்!" என்று ஒரு தும்மல்.

பீடத்தில் விளக்கு வைக்கிற மாடம் ஒன்று, பெரிதாக, இருட்டாக இருந்தது. அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அபிராம். முகமெல்லாம் ஒட்டடை.

"அக்கா, பாக்குதா?"

"இங்க பாக்காது."

"நான்தான் அதிரசம் தின்னேன். முழுசும்."

"தெரியும். வெளிய வா."

"மாட்டேன். வெளிய வந்தா அருவாளைத் தூக்கும்."

கனிஷ்கா மண்டிபோட்டு உட்கார்ந்தாள். "எனக்கும் பயம்தான்டா."

"நீங்க பெரியவங்களாச்சே?"

"பெரியவங்கன்னா பயம் இருக்காதா? ரொம்பப் பயம். அதான் குடை கொண்டு வந்திருக்கேன். குடைக்குள்ள போனா அதுக்கு நாம தெரியமாட்டோம்."

அபிராம் யோசித்தான். "கால் தெரியுமே?"

"தெரியட்டும். அது யார் காலுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. மாடத்திலிருந்து இறங்கி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். கறுப்புக் குடை ஒன்று, நாலு கால்களோடு, முனிக்கு முன்னால் வேகமாக நடந்து போனது.

தாத்தா ஹாரனை விடாமல் அடித்தார். மிஸ் குளக்கரையிலிருந்து விழுந்தடித்து ஓடி வந்தார். மகனின் முதுகில் ஒரு அடி வைத்தார், உடனே அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் கனிஷ்காவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

அபிராம் சிவசங்கரிடம் போனான். "அண்ணா, உங்க அதிரசத்தை நான்தான் தின்னேன்."

"தின்னா தின்னுட்டுப் போடா" என்றான் சிவசங்கர். அவன் கண்ணும் சிவந்திருந்தது. "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. முனி ஒண்ணும் பண்ணாது."

"அப்ப நீங்க போய் அது முன்னாடி நில்லுங்க" என்றான் அபிராம்.

சிவசங்கர் முனியைப் பார்த்தான். பிறகு கனிஷ்காவிடம் ரகசியமாக, "அந்தக் குடையில மூணு பேர் நிக்க முடியுமா?" என்று கேட்டான்.

வேனே வெடித்துச் சிரித்தது. கனிஷ்காவும் சிரித்தாள். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில் தாத்தா குடையை வாங்கி, கம்பி ஒவ்வொன்றாகச் சோதித்தார். "பரவால்ல. திரும்பி வந்த முதல் குடை இதுதான்" என்றார்.

கயிற்றால் கட்டி வைப்பார் என்று கனிஷ்கா நினைத்தாள். அவர் கட்டவில்லை. இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. குழாய் இருந்தது முனியின் காலடியில். தாத்தா ஒரு கையில் வாளியை எடுத்தார். மறு கையில் குடையை விரித்தார்.

வெயில் சுத்தமாக இறங்கியிருந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

கனிஷ்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"தாத்தா, இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."