கட்டைவிரல் விளக்கு

நான் தம்பி வீட்டுக்குப் போனபோது நல்ல வெயில். கையில் காய்கறிப் பை. அழைப்பு மணிக்குப் பதில் இல்லாததால் கதவைத் தள்ளினேன். உள்ளே கும்மிருட்டு. சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி வைத்திருந்தான். உருகிய ஈயமும் பசையும் கலந்த நெடி தொண்டையில் ஒட்டியது.

"கதவச் சாத்துக்கா. வெளிச்சம் வந்தா கலர் தெரியாது."

அவனுக்கு அதுதான் தொழில். கணினி மௌஸ்களைக் கழற்றி, மேல் ஓட்டைத் தேய்த்து, உள்ளே குட்டி விளக்குகள் பதித்து, கேம் ஆடுகிறவர்களுக்கு விற்பான். அவன் மனைவி உயிரோடு இருந்தவரை கேலி செய்வாள். "அண்ணி, உங்க தம்பிக்கு எலிக்குச் சிங்காரம் பண்ணவே நேரம் சரியா இருக்கு. நான் மொட்டையடிச்சுட்டு வந்து நின்னாலும் கண்டுக்க மாட்டாரு."

அவள் போன துக்கம் இன்னும் ஆறவில்லை. அவளுடைய அலுவலகத்திலிருந்து அவள் மேசைப் பொருள்களை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒரு கோப்பை, ஒரு சால்வை, ஒரு கறுப்பு மௌஸ்.

அந்த மௌஸைத்தான் அவன் பிரித்துப் போட்டிருந்தான். விரல் படும் இடங்களிலெல்லாம் விளக்குகள், தோல் பட்டால் மட்டும் எரிகிற மாதிரி. கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு. அவள் இடதுகைக்காரி, அதனால் வலப்பக்கம் அவளுக்கென்று பச்சை. இடப்பக்கம் தனக்கென்று சிவப்பு.

"அவ தொட்ட இடத்துல நானும் தொட்டுக்குவேன். அவ்வளவுதான்கா," என்றான்.

நான் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் போனபிறகு அவன் சிரித்து நான் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

மேசையை விட்டுத் தள்ளி நின்றிருந்தான். மௌஸ் மேல் யார் கையும் இல்லை.

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"வந்துட்டாக்கா," என்று கிசுகிசுத்தான்.

மெல்லப் போய் அதன்மேல் கையை வைத்துக் கண்களை மூடிக்கொண்டான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. துடைத்த பிறகுதான், நான் பார்த்தது என்னவென்று உறைத்தது.

"தம்பி, பச்சை எரியல. நீ தொடுறதுக்கு முன்னாடியே சிவப்புதான் எரிஞ்சுது."

அவன் கண் திறக்கவில்லை.

"தெரியும்கா. கைய விடமாட்டேங்குது."

அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவன் புறங்கைமேல் ஏதோ குளிர்ந்து, அகலமாக, ஈரமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் விரல் கணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளமாயின.

காய்ந்த சுள்ளி ஒடிவது போன்ற சத்தம்.

அவன் கத்தவில்லை. "அவளா இருக்குமாக்கா? எம்மேல கோவமா இருக்காளோ?" என்று மட்டும் கேட்டான்.

"ஆமாடா, அவதான்," என்றேன்.

அந்த முகத்துக்கு வேறென்ன சொல்வது? நிம்மதியாகச் சிரித்தான். அப்படியே மேசைமேல் சாய்ந்தான்.

இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். விரல்களைப் பற்றிக் கேட்டதற்கு, விழும்போது எங்கேயாவது மாட்டியிருக்கும் என்றார்.

எல்லாம் முடிந்தபின் அவளுடைய அலுவலகத் தோழிக்குப் போன் செய்தேன்.

"மன்னிச்சிடுங்கக்கா, பெட்டியில மாத்தி வச்சுட்டோம். அவளோட மௌஸ் இங்கேயேதான் இருக்கு. உங்ககிட்ட வந்தது, அவளுக்கு முன்னாடி அந்த சீட்டுல இருந்தவரோடது."

"அவர் இப்ப எங்க இருக்காரு?"

"அவரா... சீட்டுலயே போயிட்டாருக்கா. அவர் கையிலேர்ந்து அதைப் பிடுங்குறதுக்குள்ள எங்களுக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

தம்பி வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சுத்தியலை எடுத்தேன். மௌஸின் வயரை ஏற்கெனவே பிடுங்கிப் போட்டிருந்தேன். விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. என்னை அறியாமல் "தம்பி" என்றுவிட்டேன்.

ஒரே ஒரு விளக்கு அணைந்தது. ஆள்காட்டி விரல் படும் இடம்.

விரலைத் தூக்குகிறான்.

மறுகணமே அது முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது. சுள்ளி ஒடிந்தது.

மௌஸை உடைத்தால் அவனுக்கு என்ன ஆகுமோ. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். அவனைத் தனியே விட்டுப் போக மனம் வராமல் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டேன். கூப்பிட்டால் அவன் விரலைத் தூக்குகிறான், தூக்கினால் அது நசுக்குகிறது என்பது புரிந்ததிலிருந்து நான் வாயே திறப்பதில்லை. நான் செய்யக்கூடியது அவ்வளவுதான். தொலைபேசியில்கூடப் பேசுவதை விட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உதடுகளை இறுக மூடித்தான் இருந்தேன்.

அவன் அறைக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

"தம்பி."

சுள்ளி ஒடிந்தது.

பிறகு இன்னும் கொஞ்சம் அன்பாக, "தம்பி."