மாதிரிக்கு எடுத்த வீடியோ

திறக்காத ஃபைல் என்றால் அது பாட்டுக்குக் கிடக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தையல்காரம்மா கொடுத்துவிட்டுப் போன மெமரி கார்டில் இருந்த ஏழு வீடியோக்களும் நேற்று இருந்ததைவிட இன்று கொஞ்சம் பெரிதாக இருந்தன. யாரும் தொடவில்லை, கார்டு மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அளவைத் தப்பாகக் குறித்திருப்போம் என்று கார்டை வாங்கி வைத்தவள் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். பாழான ஃபைல்களை மீட்டுத் தருவதுதான் பதினொரு வருஷமாக அவள் பிழைப்பு, அதுவும் வீட்டு முன்னறையிலேயே. இதற்கெல்லாம் பயந்தால் அடுப்பு எரியுமா?

நேற்று கார்டைக் கொடுக்க வந்தபோது தையல்காரம்மா அதிகம் பேசவில்லை. அவளுடைய ஆறு வயது மகன் போன வருஷம் நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோய்விட்டான்.

"அவன் குரல் இதுலதாம்மா இருக்கு. ஒரு தடவ கேட்டா போதும்," என்றாள். வீடியோ எடுத்த பழைய போனையும் மேசைமேல் வைத்தாள். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

போன் எதற்கென்றால், உடைந்த வீடியோவைச் சரிசெய்ய அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று மாதிரிக்கு வேண்டும். உடைந்ததில் இல்லாததை நல்லதிலிருந்து எடுத்து மீட்கும் மென்பொருள் ஒட்டிக்கொள்ளும். வெறும் சுவரைப் பத்து விநாடி எடுத்தால் போதும். அவள் எப்போதும் சுவரைத்தான் எடுப்பாள். இன்றைக்கு என்ன போதாத காலமோ, பக்கத்து அறையில் நீலப் பாயில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த தன் மகனை எடுத்துவிட்டாள். வெயில் அவன் முதுகில் விழுந்து, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"எடுக்காதம்மா, இன்னும் முடிக்கல," என்றான் அவன், தலையைத் தூக்காமலே.

ஏழு வீடியோக்களையும் மென்பொருளில் வரிசையாக ஓடவிட்டு உட்கார்ந்தாள். மின்விசிறியின் கடகடப்பு, சூடேறிய கம்ப்யூட்டரிலிருந்து வரும் பிளாஸ்டிக் வாடை, பக்கத்து அறையில் பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம், எல்லாம் தினமும் இருப்பவைதான். முதல் ஃபைல் முடிந்த நொடியில் உரசல் நின்றது. முனை உடைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வீடியோ திறந்தது. ஒல்லியான ஒரு பையன், தையல்காரம்மாவின் அதே மூக்கு. நெஞ்சுக்குள் சளி புரளப் புரள நீளமாக இருமினான். அப்பாடா என்று சாய்ந்தவள் அவனுக்குக் கீழே இருந்த பாயைப் பார்த்தாள். நீலப் பாய். ஓரத்தில் அவள் கையால் தைத்த ஒட்டு. பையன் கையில் அவள் மகன் பாதி வரைந்த படம்.

இரண்டும் கலந்துபோயிருக்கும், அப்படி நடப்பதுண்டு.

மாதிரி வீடியோவைத் தட்டினாள். இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று வந்தது. தன் கம்ப்யூட்டரில் இருந்த, மகன் முதன்முதலில் நடந்த வீடியோவைத் தட்டினாள். திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் முதல் நாள் போட்டோ. திறக்கவில்லை. போன வாரம் எடுத்தது. அதுவும் இல்லை.

மூன்றாவது முடிந்தது. நான்காவது.

பிளக்கைப் பிடுங்கினாள். வேலை பாதியில் நிற்கக் கூடாது என்று அவளே வாங்கி வைத்த யூபிஎஸ் பீப் பீப் என்றது. வேலை ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்தாவது.

பக்கத்து அறையில் இருமல்.

அவள் மகனுக்குச் சளியே கிடையாது.

"கண்ணா?"

வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டி வரும் சத்தம். ஆறாவது. கதவோரம் மஞ்சள் சட்டை தெரிந்தது. மகனுடைய சட்டை. உள்ளே இருந்த உடம்புக்கு அது தொளதொளவென்றிருந்தது.

"ஆன்ட்டி," என்றான் அந்த ஒல்லிப் பையன். "எங்கம்மா எப்ப வருவாங்க?"

வாசலில் மணி அடித்தது. சொன்னபடி சரியாக ஐந்து மணி. அவன் கதவைத் திறக்க ஓடினான்.

திரையில் மாதிரி வீடியோ தானாகத் திறந்தது. நீலப் பாய். அதன்மேல் அவள் மகன், இந்த முறை தலையைத் தூக்கியிருந்தான். முகம் முழுக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள். கட்டங்களுக்கு நடுவில் வாய் மட்டும் திறந்து மூடியது, திறந்து மூடியது. சத்தம் இல்லை.

கீழே அந்த ஃபைலின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது.