குஞ்சுக் கொட்டகையில் ஒரு செல்லோ

நான் ஒரு பாட்டைக் கைது செய்திருக்கிறேன். பிக்பாக்கெட்டை யார் வேண்டுமானாலும் பிடிப்பார்கள். ஒரு செல்லோ இசையைக் கொலைக்குற்றத்தில் கையும் களவுமாகப் பிடித்தவன், சூரமங்கலத்தில் ரயில்வே போலீசாக இருந்து ஓய்வுபெற்ற நான் ஒருவன்தான்.

விடியும்போது புதுச்சத்திரத்திலிருந்து தங்கச்சி சௌந்திரம் போனில் அழுதாள். பைக்கை எடுத்தேன், மல்லூர் தாண்டும்வரை சக்கரம் தரையில் படவேயில்லை.

கொட்டகையின் மூலையில் கோழிக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூச்சுமுட்டிச் செத்துக் குவிந்திருந்தன. கொல்லிமலையைவிடக் கொஞ்சம்தான் குட்டை. பிழைத்தவை எதிர்மூலையில் நடுங்கின. பல் தடம் இல்லை. தரையில் பரப்பிய உமி காய்ந்திருந்தது. சூட்டுக்குப் போட்ட பல்புகள் எரிந்தன. பூட்டு உடையவில்லை, சாவி வேலையாள் ஆண்டியிடம் மட்டும்.

தங்கச்சி வீட்டுக்காரர் சின்னண்ணன் அதையே பிடித்துக்கொண்டார். ஆண்டி ராத்திரி கரண்டை நிறுத்தியிருக்கிறான், குளிரில் குஞ்சுகள் ஒண்டிச் செத்திருக்கின்றன, பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டி பொன்னாயியோடு அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார். ஆண்டி அங்கேயே செத்த குஞ்சு ஒன்றைத் தடவிக்கொண்டே நின்றார்.

சின்னண்ணனின் மகள் கனிஷ்கா சென்னையில் செல்லோ படிக்கிறாள். உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் ராட்சச வயலின். அவள் வாசித்து வாட்ஸப்பில் அனுப்பிய பாட்டைத்தான் தினமும் இருட்டும்போது கொட்டகைப் போனில் போடுவார்கள். டி மைனர் என்று மேற்கத்திய ராகப் பெயர் சொல்வாள் அவள். கட்டைக் குரல், மாட்டுவண்டி மேடேறும் நிதானம், எருமைக்கே கொட்டாவி வரவைக்கும் சோகம். குஞ்சுகள் அப்படியே உட்கார்ந்து தூங்கிவிடும். நேற்று அதைப் போட்டுவிட்டுச் சேலத்துக்குக் கிளம்பியவன் சின்னண்ணனின் மகன் மோகன்குமார். பாட்டு ஓடும்போதே ஆண்டி வெளியே பூட்டியிருக்கிறார்.

பொன்னாயியை விசாரித்தேன். அந்நேரம் அவள் தொட்டியடியில், மோட்டார் இரைச்சலுக்கு நடுவே பாட்டை அரைகுறையாகக் கேட்டபடி, தண்ணித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாளாம்.

"எப்பவும் தட்டெல்லாம் கழுவி முடிச்சாத்தானுங்க பாட்டு நிக்கும். நேத்து பாதி கெடக்கறப்பவே நின்னுபோச்சுங்க."

பாட்டு வேகமாக ஓடியிருக்கிறது என்றேன். சின்னண்ணன் சிரித்தார்.

"தோட்டத்துல இருந்து நானும் கேட்டனுங்க மச்சான். அதே கட்டைக் குரல். வேகமா ஓடுனா எலியாட்டம் கீச்சுனு வராதுங்களா? கேசட்டு நாங்க பார்க்காததா?"

உலகத்தின் ஒரே பாட்டுப் போலீஸ் வாய் பிளந்து நிற்க, பொன்னாயி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது கொட்டகைப் போனுக்குக் குஞ்சுக் கம்பெனியிலிருந்து குரல் செய்தி வந்தது. மோகன்குமார் அமுக்கினான். மேனேஜர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பேசினார். குரல் மட்டும் அதே முரட்டுக் குரல், கீச்சில்லை.

"என்னடா இவ்வளவு வேகம்?"

"இரட்டை வேகத்துல வெச்சிருக்கேனுங்க மாமா. வளவளன்னு எவன் கேப்பான்?"

பிடித்துவிட்டேன். கேசட் வேகமானால் சுருதியும் ஏறும். போன் சுருதியைத் தொடாது, வேகத்தை மட்டும் ஏற்றும். மேனேஜருக்கு வைத்த வேகம் கனிஷ்காவின் பாட்டுக்கும் அப்படியே நின்றிருக்கிறது, சோகம் கலவரமாகிவிட்டது.

பாட்டுக்குக் குஞ்சு சாகுமா என்றார் சின்னண்ணன். போட்டுக் காட்டச் சொன்னார்.

போட்டோம். குஞ்சுகள் எழுந்தன. கழுத்தை நீட்டின. பிறகு ஒரே வீச்சில் மூலைக்கு ஓடி ஏறத் தொடங்கின. ஆண்டியும் பொன்னாயியும் விழுந்து கைகளால் விலக்கினார்கள். ஒன்றைத் தூக்கினால் பத்து ஏறியது. நிறுத்து என்று கத்தினேன். மோகன்குமார் அவசரத்தில் போனைத் தவறவிட்டான். உமிக்குள் கிடந்து அது பாடிக்கொண்டே இருந்தது. முடியும்வரை ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சின்னண்ணன் மண்டியிட்டிருந்தார். கையில் இரண்டு குஞ்சுகள் தலை தொங்கிக் கிடந்தன.

"கரண்டும் காரணமில்ல, குளிரும் காரணமில்ல," என்றார். "ஆண்டி, மூட்டையப் பிரிச்சு வெய்யி. மச்சான் சொன்னதுதானப்பா நடந்துச்சு."