ஏழாவது கிண்ணம்

தொமித்திலா வந்தபோது அந்தெல்மோ ரிவாஸ் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தொர்ரேயோன் நகரில் போலீஸ் ஆய்வாளராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு வியெஸ்காவில் வீடு பிடித்தார். ஊற்றுகள் வற்றி, பாலைமணல் தெருவுக்குள் வந்துவிட்ட பழைய ஊர். பாதி வீடுகளில் ஆள் இல்லை. அது அவருக்கு ஒத்துப்போனது.

அன்று புனித யூதா ததேயு திருநாள். டாக்சி ஓட்டும் நிகானோர், நேர்ச்சைச் சாப்பாட்டு வரிசையில் நின்று பானை நிறைய வாங்கி வந்திருந்தான். மிளகாயில் சிவந்த பன்றிக்கறி. அதனோடு சங்கு, நட்சத்திரம், வளையம், நூல் என்று பல வடிவச் சேமியா, ஒன்றாகக் கலந்து, உதிரியாக.

"ஏழு வகையும் இருக்கு, அந்தெல்மோ ஐயா. கிளறிப் பாத்துட்டேன்," என்றான். பிறகு வாசலைப் பார்த்து, "வா அக்கா. வாசனை பிடிச்சே வந்துட்ட போல," என்றான்.

தொமித்திலா சிரிக்கவில்லை. ஐம்பது தாண்டியவள். பெற்றோர் போன பிறகு அவர்களுடைய பெரிய வீட்டில் தனியாக இருந்தாள்.

"என் தம்பி ஃபெர்மின் வந்திருக்கான். பதினஞ்சு வயசுல அமெரிக்கப் பக்கம் போனவன். போன வாரம் கதவைத் தட்டினான்."

"அட! சொல்லவே இல்ல?" என்றான் நிகானோர்.

"அவன்தானான்னு தெரியல. ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லார் முன்னாடியும் இவன் என் தம்பின்னு சொல்லப் போறேன். சொன்னப்புறம் அது பொய்யாயிடக் கூடாது." அவள் அந்தெல்மோவைப் பார்த்தாள். "இன்னொரு தடவை தனியா ஆக என்னால முடியாது."

"ஏன் சந்தேகம்?"

"சந்தேகப்பட ஒண்ணுமே இல்ல. அதுதான். நாய் பேரு சொல்றான். அம்மா திட்டுற திட்டு சொல்றான். நான் கிணத்துல செருப்பைப் போட்டதைக்கூடச் சொல்றான். முகம் மட்டும் பிடிபடல."

"முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே, என் முகமே எனக்குப் பிடிபடல," என்றான் நிகானோர்.

"வேற ஏதாவது?" என்றார் அந்தெல்மோ.

"வந்த அன்னிக்கு அம்மா அப்பா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏத்தினேன். அவன் மூணாவதா ஒண்ணு ஏத்தினான். யாருக்குன்னு கேட்டா, செத்துப்போன கூட்டாளிக்காம்."

அந்தெல்மோ தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

மூவரும் அவள் வீட்டுக்கு நடந்தார்கள். அந்த மனிதன் முற்றத்தில் உடைந்த நாற்காலி ஒன்றுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஒல்லி. வயல் வேலையில் வெடித்த கைகள்.

"வரிசைக்குப் போகலையா?" என்று கேட்டார் அந்தெல்மோ.

"கூட்டம்னாலே எனக்கு ஆகாதுங்க."

"சின்ன வயசுல போயிருப்பீங்களே."

"விடுவோமா? ஏழு சூப் ஆச்சே!" அவன் முகம் மலர்ந்தது. "ஏழு கிண்ணம் வரிசையா வைப்பாங்க. ஏழாவதுக்கு வர்றதுக்குள்ள ஆறிப் போயிடும். அக்கா தன்னோட பங்கையும் என் பக்கம் தள்ளி விடுவா."

நிகானோர் வாயைத் திறந்தான். அந்தெல்மோ அவன் தோளில் கை வைத்தார். தொமித்திலா முற்றத்து மேசையின் துணியை இழுத்து நேராக்கினாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"உங்க ஊர் எது?" என்றார் அந்தெல்மோ.

அவன் அடுத்த ஆணியை எடுத்தான்.

"இங்கே சேமியாவுக்கே சூப்னுதான் பேரு. ஏழு வகையும் ஒரே பானையில வேகும். தண்ணியா இருக்காது, கிண்ணமும் கிடையாது. ஊர்க்காரன் கதை சொல்லும்போது 'ஏழு சூப்'னு சொல்லிட்டுப் போயிடுவான். விளக்கணும்னு தோணாது. வெளியூர்க்காரன் மனசுல ஏழு கிண்ணம் வந்து உக்காந்துடும்."

"மறந்திருக்கலாமே?" என்றான் நிகானோர். இவன் தம்பியாகவே இருக்கட்டும் என்று அவனுக்கு ஆசை.

"மறக்கிறவன் குறைச்சுச் சொல்வான். இவர் இல்லாததைச் சேர்த்துச் சொன்னாரு. ஆனா அக்கா பங்கைத் தள்ளி விட்டது நிஜம், இல்லையா?"

தொமித்திலா தலையசைத்தாள்.

"அப்போ ஃபெர்மின் வாயால கேட்டது. ஒரு நாள்ல சொல்ற கதை இல்ல. பல வருஷம் ஒரே அறையில இருந்தவங்க பேசிக்கிறது." அந்தெல்மோ குரலைத் தாழ்த்தினார். "மூணாவது மெழுகுவர்த்தி ஃபெர்மினுக்குத்தானே?"

அந்த மனிதன் சுத்தியலைக் கீழே வைத்தான். "ஆமா."

தொமித்திலா நின்றுகொண்டே கேட்டாள். "எப்போ?"

"நாலு வருஷம் ஆச்சு. குளிர்காலம். நெஞ்சுல சளி. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். கைக்குக் காசு சேர இவ்வளவு நாளாச்சு. கதவைத் திறந்ததும் நீங்க 'ஃபெர்மினா?'ன்னு கேட்டீங்க." அவன் தன் கைகளைப் பார்த்தான். "நான் அநாதை விடுதியில வளந்தவன். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. ஆமான்னுட்டேன்."

நிகானோர் தொண்டையைச் செருமினான். "சரிப்பா. பையை எடு. பஸ் நிக்கிற இடத்துல விட்டுடறேன்."

"நீ சும்மா இரு," என்றாள் தொமித்திலா. அந்த மனிதனிடம் திரும்பினாள். "உன் பேரு என்ன?"

"இலாரியோ."

அவள் அந்தப் பெயரை ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஆரம்பிச்சு ஒன்பது நாள் என் தம்பி ஆத்மாவுக்காக ஜெபமாலை சொல்லணும். முன்பாதியை நான் சொன்னா, பின்பாதியைச் சொல்ல ஒரு ஆள் வேணும். இந்த வீட்டுல வேற யாரும் இல்ல."

இலாரியோ கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஒன்பது நாள் இரு. மத்ததைப் பத்தாம் நாள் பேசிக்கலாம்."