நினோவுக்கு விஷம் வைத்தது யார்?

"டாக்டர், என் நினோவுக்கு விஷம் வச்சுட்டாங்க! வச்சவன் வெளிய வண்டியிலதான் உக்காந்திருக்கான்!"

கூண்டை மேசைமேல் வைத்துவிட்டு ரோசெட்டா மூச்சு வாங்கினாள். ஆஸ்திரேலியாவின் இன்னிஸ்ஃபெயிலில் ஜூலை, குளிர்காலம். சமையல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்திருந்தாள். அதன் பையிலிருந்து சிவப்பும் வெள்ளையுமான நூலுருண்டை ஒன்று எட்டிப்பார்த்தது. கூண்டுக்குள் பூனையின் மார்பு முழுக்க எச்சில் ஈரம். வாயிலிருந்து இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

கால்நடை மருத்துவர் ருத் ஹாலோரன் ஜன்னல் வழியே பார்த்தார். பக்கத்து வீட்டு டெஸ் கவலையோடு ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"விஷம் வச்சவர் வண்டியிலயா வந்தீங்க?"

"எனக்கு ஓட்டத் தெரியாதே! அவனோட கீரைப் பாத்தியை நினோ தோண்டிட்டானாம். 'இவனுக்கு ஒரு முடிவு கட்டறேன்'னு நேத்து வேலிக்கு மேல கத்தினான். அடுத்து போலீஸ் ஸ்டேஷன்தான்."

"அதுக்கும் அவர் வண்டிதானா?" என்றாள் உதவியாளர் ஷானா. உடனே பூனைமேல் குனிந்தாள். "டாக்டர், விஷத் தேரையைக் கவ்வியிருக்கும்! இந்த ஊர்ல எச்சில் ஒழுகினா வேற என்ன?"

"முதல்ல நானும் அப்படி நினைச்சுத்தான் ஈரத்துணியால வாயைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன். நிக்கலயே!" என்றாள் ரோசெட்டா.

ருத் பூனையின் உதட்டை மெல்லத் தூக்கினார்.

"தேரை விஷம்னா ஈறு செக்கச்செவேல்னு இருக்கும், தள்ளாடுவான். இந்தக் குளிர்ல தேரையும் அதிகம் வெளிய வராது. ஆனா பாரு, முழுங்கிக்கிட்டே இருக்கான். காலால வாயைப் பிறாண்டுறான். சாப்பிட்டானா ரோசெட்டா?"

"மோந்துட்டு விலகிட்டான். ரெண்டு தடவை வாந்தி."

"வேற ஏதாவது நடந்ததா?"

"நடந்ததே! டெஸ் என் குப்பைத்தொட்டியையும் கவுத்துட்டான். நேத்து பன்றி ரோஸ்ட் பண்ணேன். அதைச் சுத்தின அலுமினியத் தாளெல்லாம் தரையில, நக்கி வச்ச மாதிரி பளபளன்னு..." ரோசெட்டா சட்டென்று நின்றாள்.

"டெஸ் நக்கியிருக்க மாட்டார்," என்றார் ருத். "ரோஸ்ட்டைச் சுருட்டி எதால கட்டினீங்க?"

ரோசெட்டாவின் கை தானாக ஏப்ரன் பைக்குப் போனது.

ருத் பூனையின் வாயைத் திறந்து, தாடைக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்தினார். நாக்கு மேலெழும்பியது. அதன் அடியில் சதையை அறுப்பதுபோல் ஒரு சிவப்புக் கோடு.

"நூல்! இழுத்துடவா?" ஷானா இடுக்கியை எடுத்தாள்.

"தொடாதே!" அன்று முதல் முறையாக ருத்தின் குரல் உயர்ந்தது. "நாக்கைச் சுத்திக்கிட்டு மிச்சம் வயித்துக்குள்ள போயிருக்கு. இழுத்தா குடலையே அறுத்துடும். மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும். பூனை மடியில சொக்கிப்போய்க் கொஞ்சம் எச்சில் வடிச்சா பரவாயில்ல, ரோசெட்டா. திடீர்னு கொட்டி, சாப்பாடும் வேண்டாம்னா ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது."

"நாளைக்குக் கொண்டு வந்திருந்தா?"

ருத் கைகழுவப் போனார்.

இரண்டு மணி நேரம் கழித்து ரோசெட்டா வெளியே வந்தாள். டெஸ் அங்கேயேதான் இருந்தார்.

"நினோ எப்படி, ரோசி?"

"பொழைச்சுட்டான்."

டெஸ் பெருமூச்சு விட்டார். "சரி, ஏறு. போலீஸ் ஸ்டேஷன் போகணும்னியே?"

"வேண்டாம். ஆள் கிடைச்சாச்சு. ரெண்டு பேர்."

"யாரு?"

"ஒருத்தன் உள்ள மயக்கத்துல கிடக்கான்." அவள் நூலுருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இன்னொருத்தியை நீ தினமும் வேலிக்கு மேல பார்க்கிற."