பதினோரு வீட்டுச் சூடு

கீழ்க்குழாய் சுட்டது.

சாந்தாமேரி விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு மேல்குழாயைத் தொட்டுப் பார்த்தாள். அது சில்லென்று இருந்தது. அதுவாவது நியாயம். பாய்லர் நேற்று மாலையே அணைந்துவிட்டது. கடலைத்தோல் மூட்டைகள் தீர்ந்துபோய், அவள் கணவன் செபாஸ்டியன் டிராக்டரோடு அடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறங்கியவன், மழையில் மாட்டிக்கொண்டு இன்னும் திரும்பவில்லை.

காட்டு மரத்தை வெட்டாமல் குளிர் காயட்டும் என்று பங்குச் சாமியார் எண்பத்தொன்றில் இந்த மலைக் குடியிருப்புக்குப் போட்டுக் கொடுத்த ஏற்பாடு அது. கடலைத்தோல் நெருப்பில் கொதிக்கும் தண்ணீர் மேல்குழாய் வழியாகப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போகும். சூட்டையெல்லாம் கொடுத்துவிட்டு, ஆறிப்போய், கீழ்க்குழாய் வழியாகத் திரும்பும். பாய்லரைப் பார்த்துக்கொள்பவன் வீடு என்பதால் முதல் வீடு அவர்களுடையது. கீழ்க்குழாயை மூடித் திறக்கும் வால்வும் அங்கேதான்.

அப்படியானால் இந்தச் சூடு பாய்லரிலிருந்து வரவில்லை. மற்றப் பதினோரு வீடுகளிலிருந்து வருகிறது.

அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. இன்றோடு ஒன்பது நாள். அதற்கு முன்னால் இரண்டைப் புதைத்திருக்கிறாள். சூடு குறைந்தால் இதுவும் தங்காது என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். தொட்டிலைக் குழாயோடு ஒட்டி நகர்த்தினாள். நீலம் பாரித்திருந்த உதடு மெல்லச் சிவந்தது.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து வாசலை அடைத்து நின்றாள்.

"இன்னாடி மேரி, உன் வூட்டுக்காரன் உனக்கு மட்டும் தனியா நெருப்பு வெச்சிட்டுப் போய்ட்டானா?"

"பாய்லரு அணைஞ்சி கெடக்குக்கா. வேணும்னா போயி பாருங்க."

"பாத்துட்டுத்தான் வர்றேன். எங்க வூட்ல அடுப்பு எரியுது, தண்ணி சுட மாட்டேங்குது. நெருப்புல கைய வெச்சா குளுருது. உன் வூடு மட்டும் எப்டி கொதிக்குது?"

"பச்சப் புள்ளக்கா..."

"எங்க வூட்ல இருக்கிறதுங்க இன்னா, கருங்கல்லா? எல்லாரையும் இட்டுக்கினு வர்றேன் இரு. அந்த வால்வ ஒடைக்கறோமா இல்லியா பாரு."

போனாள். யாரும் வரவில்லை.

பகல் பன்னிரண்டு ஆகியும் பனிமூட்டம் விலகாமல் ஜன்னல் கம்பியில் ஈரத் துணிபோல ஒட்டிக்கொண்டிருக்க, காலையில் கேட்ட இருமல், சாமை இடிக்கிற சத்தம், ஆட்டுமணிச் சத்தம் எல்லாம் கடைசி வீட்டுப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அடங்க, அடங்கிய ஒவ்வொரு தடவையும் கீழ்க்குழாய் இன்னும் கொஞ்சம் சூடேறியதை அவள் உள்ளங்கை உணர்ந்தது. குழாயில் இரும்பு வாடை இல்லை. காய்ச்சல்காரன் கழுத்தடியில் வரும் வாடை. தேங்காய் எண்ணெய். பீடி. தாய்ப்பால்.

அவள் எழுந்து ஓடினாள்.

பாஞ்சாலி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது; அதன் பக்கத்துக் குடத்தில் தண்ணீர் உறைந்திருந்தது. பாஞ்சாலி குழாயில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலைவைத்துப் புருஷன். சாந்தாமேரி அவன் கன்னத்தைத் தொட்டாள். கிணற்றுக்கல்.

பாஞ்சாலியின் கண் மட்டும் அசைந்தது.

"மூடு," என்றாள். பல் கிட்டியிருந்தது. "வால்வ மூடுடி."

சாந்தாமேரி திரும்பி ஓடி வந்தாள். வால்வுச் சக்கரத்தைப் பிடித்தாள். ஒரு சுற்று. இரண்டு. குழாய் ஆறியது. தொட்டிலில் மூச்சு நின்றது.

சின்ன மார்பு ஏறவில்லை.

திறந்தாள். முழுசாகத் திறந்தாள்.

குழந்தை மூச்சு விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சாய்ந்து விழுந்தது. அவள் முந்தானையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

மூன்று மணி. நாலு மணி. குழாய் தானாகவே ஆறத் தொடங்கியது. வால்வு திறந்துதான் இருந்தது. வருவதற்கு எதுவும் இல்லை, அவ்வளவுதான். குழந்தையை ரவிக்கைக்குள் போட்டு அணைத்துப் பார்த்தாள். அவள் உடம்புச் சூடு போதவில்லை. உதடு நீலமாயிற்று. விரல் நகம். காது மடல்.

டிராக்டர் சத்தம்.

"மேரி! தோலு வந்திடுச்சி. ஒரு மணி நேரத்துல கொதிக்க வெச்சிடறேன்!"

ஒரு மணி நேரம். அவள் குழந்தையைத் தொட்டிலில், குழாயோரம் கிடத்தினாள். அது வாயை ஒருமுறை திறந்தது. மூடியது.

செபாஸ்டியன் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான். கை இரண்டும் வெடவெடத்தன. தொட்டிலைக் குனிந்து பார்த்துச் சிரித்தான்.

"ஊரே தூங்குதா இன்னா? ஒருத்தரையும் காணோம். யப்பா, இன்னா குளுரு! குழாயில ஏதாவது சூடு கீதா?"

அவள் அவனைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள்.

"கீதுங்க," என்றாள். "கைய வைங்க."

அவன் மண்டியிட்டு இரண்டு உள்ளங்கையையும் கீழ்க்குழாயில் அழுத்தி வைத்தான். குழாய் ஒருமுறை அதிர்ந்தது. குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முகம், சிரித்தபடியே, கழுத்திலிருந்து மேலாக வெளுத்துக்கொண்டு போனது.

தொட்டிலில் கன்னங்கள் சிவந்தன. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, குழந்தை வீறிட்டு அழுதது.